பாண்டியில் தப்பித்த ஒரு வீடு

முதலில் ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆத்திரம் அடங்காது. பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரிய மார்க்கெட் பக்கம் போக 200 ரூபாய் கேட்டார். 2 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். கடலூரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்ததற்கு அதில் கால்வாசிகூட ஆகவில்லை! "சண்டே கூட்டம்ணே" என்று ஒரு விளக்கம் வேறு. நடந்தே போனேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டு, தேவையே இல்லாத ஒரு சட்டைக்கு 150 ரூபாய் அழுதது தனி நஷ்டம்.

தேடிப் போனது ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்), 1736-லிருந்து சாகும்வரை நாட்குறிப்பு எழுதிய அதே பிள்ளைதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி எங்கள் ஊர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தான். அந்தப் பாக்கியை ஆங்கிலேயன் வட்டியோடு வசூலித்தான். மாதக்கணக்கில் முற்றுகை, ஊருக்குள் பட்டினி. 1761 ஜனவரி 16-ல் பாண்டி விழுந்தது. அப்புறம் கோட்டை, மாளிகை, தேவாலயம் எல்லாம் தரைமட்டம். பிள்ளையும் அதே மாதம்தான் இறந்தார். வீடு மட்டும் நின்றுவிட்டது.

கீழ்த்தளத்தில் நம்மூர் மரத்தூண்கள், மாடியில் பிரெஞ்சுக்காரர் பாணித் தூண்கள் என்று படித்திருந்தேன். போன நேரம் கதவு சாத்தியிருந்தது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. பின்னால் ஹாரன், காலடியில் மீன் தண்ணீர். போட்டோ எடுக்க ஒரு ஆள் இல்லை.

ஆனால் ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு வீதிகளுக்குப் போய்ப் பாருங்கள்! மஞ்சள் சுவர் கண்ட இடமெல்லாம் கல்யாண ஜோடி, கேமரா, குடை. அந்த வீடுகளெல்லாம் 1765-க்கு அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து எழுப்பிய ஊரைச் சேர்ந்தவை. மிஷன் வீதியில் சம்பா கோயில் என்கிற தேவாலயமே இப்போது இருக்கும் கட்டடம் 1791-ல் முடிந்ததுதான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இடிபாட்டுக்கு முந்தைய பாண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் மார்க்கெட் சந்தடிக்குள்தான் வர வேண்டும்.

வயிறு கத்தியது. சந்துக்குள் ஒரு சின்ன மெஸ், பெயர்ப்பலகைகூட இல்லை. வாழை இலை, சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், ரசம். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள், மூன்றாவது முறை சோறு கேட்டபோது அந்த அக்கா சிரித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா தம்பி?" என்றார். மொத்தமே 130 ரூபாய். ஆட்டோக்கார அண்ணன் இதைப் படிக்க வேண்டும்.

செலவுக் கணக்கை வரிசையாகப் போடத்தான் நினைத்திருந்தேன். சட்டையைச் சேர்த்தால் வீட்டில் திட்டு விழும், விட்டுவிடுகிறேன்.