ஆற்றோரத்துப் பிராணிகள்

மார்ச் 7, சனி

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் கண்ணாடிக்கு லென்ஸ் மாற்றக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தேன்.

யூஓபி வங்கிக் கட்டடத்தின் முன்னால் கொலம்பியச் சிற்பி பொட்டேரோவின் வெண்கலப் பறவை, 1990இல் வைத்தது. சிட்டுக்குருவிதான், ஆனால் தீபாவளிப் பலகாரத்தை ஒரே நாளில் தின்று தீர்த்த மாதிரி உடம்பு. "மாமா, இதுக்கு டயட் சொல்லணும்" என்றாள்.

கெவனா பாலத்தருகே சிங்கப்பூரா இனப் பூனையும் குட்டிகளும். சின்னச் சிலைகள், குனிந்து பார்த்தால்தான் தெரியும். பாலத்தின் பழைய அறிவிப்புப் பலகையில் ஆடுமாடு என்று பொதுவாகப் போடாமல், மாடும் குதிரையும் போகக்கூடாது என்று குறிப்பாகவே எழுதியிருக்கிறது. பூனைக்குத் தடையில்லை!

கொஞ்சம் தள்ளி, வணிகர்கள் நிற்கும் சிலைத் தொகுதியில் மாட்டுவண்டி. கூலிகள் மூட்டை ஏற்றுகிறார்கள். எல்லோரும் அதில் நிற்கும் வெள்ளைக்காரத் துரையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் மாட்டோடு.

சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் பக்கம் போகவில்லை. சுற்றுலாக் கழகத்துக்கு 1964இல் வரைந்த சின்னம் அது, 1972இல் சிலையாயிற்று. எங்குமே வாழாத பிராணிக்கு 8.6 மீட்டர் உயரம். உழைத்த மாட்டுக்கு ஓர் ஓரம். எனக்கு ஒப்பவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

விக்டோரியா அரங்குக்குப் போகிற வழியில், பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வெண்கல யானை. எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், பீடத்தை இன்றைக்குத்தான் படித்தேன். சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் சூலாலங்கோர்ன் 1871 மார்ச்சில் இங்கே வந்ததன் நினைவாகத் தந்த பரிசு. அப்போது அவருக்கு வயது 17. அதே பயணத்துக்காக ஜகார்த்தாவுக்கும் ஒரு யானை கொடுத்திருக்கிறார். முதலில் நகர மண்டபத்தின் முன் நின்ற யானை, 1919இல் நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் சிலைக்கு இடம் விட்டு இங்கே வந்தது.

பீடத்தில் சயாம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், ஆங்கிலம். தமிழைக் காணோம். செட்டியார்கள் ஆற்றுக்கு அக்கரையிலேயே கிட்டங்கி போட்டு வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்த காலம்!

மார்ச் 14, சனி

தேக்கா சந்தையில் மீன் வாங்கினேன். வஞ்சிரம் விலை கேட்டுவிட்டுச் சங்கராவுக்கு இறங்கினேன். வெளியே பஃபலோ ரோடு. மாட்டு வியாபாரமும் தொழுவமும் இருந்த வட்டாரம் இது. கெர்பாவ் (மலாயில் எருமை) ரோட்டுச் சுவரில் மாடுகள் ஓவியமாக இருக்கின்றன. சிலையாக என் கண்ணில் படவில்லை.

பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் நிஜ மாட்டையே கொண்டுவந்து கட்டுவார்கள் என்று அக்கா மகளிடம் சொன்னேன். "அடுத்த வாரமா, மாமா?" என்கிறாள்.