மூச்சை அடக்காதே

கம்பஸில் சுழியோடும் பாடம் எடுத்திருக்கிறேன் என்றதும் உப்புவெளி மாமா சொன்னது ஒன்றுதான்: "மூச்சை அடக்கப் பழகு பிள்ளை. மிச்சம் எல்லாம் தன்னால வரும்." இளவயதில் சங்கு குளித்தவர் அவர். சிலிண்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு, இடுப்பில் ஒரு வலைப்பை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பயிற்றுநர் பலகையில் எழுதிய முதல் வரி: "மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது."

வவுனியாவில் குளத்தில் நீந்தி வளர்ந்த எனக்கு அந்த வரி மண்டைக்குள் இறங்கவே இல்லை. தண்ணீருக்குள் போனால் வாயை மூடிக்கொள்வதுதானே வழக்கம்? ஆனால் காரணம் எளிது. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வர வர இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். மாமா கொண்டுபோனது கரையில் இழுத்த மூச்சு. அது கீழே சுருங்கும், திரும்பி வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும். ஆக, இரண்டு பேர் சொன்னதும் சரி.

சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான், 200 பார் அழுத்தத்தில் அடைத்தது.

நீச்சல் தடாகம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. உப்புவெளிக் கடலில், இரண்டு மீற்றர் ஆழத்தில், மணலில் முழங்காலிட்டிருந்தபோதுதான் பயம் வந்தது. முகமூடியை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, பிறகு அதை வெளியேற்ற வேண்டும். கண்ணில் உப்பு எரிந்தது, மூக்குக்குள் தண்ணீர் ஏறியது, மேலே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பயிற்றுநர் என் ஜக்கெற் பட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நெஞ்சருகே மெல்ல ஏற்றி இறக்கிக் காட்டினார்: இழு, விடு. மூன்று தரம் அப்படியே சுவாசித்தேன். அப்புறம் முகமூடியின் மேல் விளிம்பை இரண்டு விரலால் அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊதினேன். தண்ணீர்க் கோடு புருவத்திலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து கன்னத்துக்கு என்று இறங்கியது. அவருடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்த நிமிடத்தில்தான் எனக்கு இது வரும் என்று நம்பினேன்.

கடைசி நாள் நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. வாடைக் காலத்தில் இந்தக் கடலில் இறங்க முடியாது, மே முதல் செப்டெம்பர் வரைதான் சரி. பத்து மீற்றரில் என் மணிக்கட்டைப் பார்த்தேன். திருகோணமலைக் கோணேஸ்வரம் கோயிலில் கட்டிய சிவப்பு நூல் சாம்பல் நிறமாக இருந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய அந்தக் கோயிலின் தூண்களை 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடி, கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் கடலுக்குள் கண்டார். ஒரு நாள் அங்கேயும் இறங்க வேண்டும் என்று நூலைத் தொட்டுக்கொண்டேன்.

சுறாக்கள் பவளப்பாறையின் ஓரமாக வந்தன. முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பு. நாங்கள் இருப்பதை அவை கணக்கெடுக்கவே இல்லை. மேலே திரும்பும்போது 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்றோம். காலடியில் பாறை நீலமாக மங்கிக்கொண்டே போனது.

இரவு மாமா திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் கீழே இருந்தாய் என்று கேட்டார். 38 நிமிடம் என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

"அந்தச் சத்தம் கேட்டதே? கடுகு பொரியிற மாதிரி?"

கேட்டது. பாறையில் இருக்கும் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது என்று பயிற்றுநர் பிறகு சொல்லித் தந்தார். என் மூச்சின் குமிழிகள் அடங்கும் அந்த ஒரு கணத்தில், ஒவ்வொரு தரமும் கேட்டது.

"ஓம் மாமா."

"இப்பவும் இருக்குதா," என்றார், சிரித்துக்கொண்டே.