ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால்

பழைய வண்டி ஒன்றில் "ஆக்சிலேட்டர் பிடிச்சுக்குது" என்று யார் வந்து சொன்னாலும், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பேன். கையை விட்ட பிறகும் என்ஜின் இரைந்துகொண்டே இருந்தால் ஓட்டுகிறவருக்கு யோசிக்க நேரமே இருக்காது. பதறி கிளட்சைப் பிடித்தால் லோடு விலகி இன்னும் அலறும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து கிளட்சை விட்டுவிட்டால் வண்டி பாயும். கிளட்சைப் பிடித்தபடியே சாவியை அணைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் யாரையும் நான் அனுப்புவதில்லை.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தன் 350 புல்லட்டைக் கொண்டுவந்தார். வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக் இருக்கிற பழைய வண்டி. திருவொற்றியூரில் செய்த இந்த வண்டிகளுக்கு இன்றைக்கும் பொறுமையாகத் தேடினால் பாகம் கிடைக்கிறது.

"காலைல எடுக்கும்போது நல்லாத்தான் இருக்கு தம்பி. பத்து நிமிஷம் ஓடினா பிடிச்சுக்குது" என்றார்.

"சூடானா மட்டும்தானா சார்?"

"ஆமாம்ப்பா."

இந்த வேலையைக் கையிலிருந்து என்ஜின் நோக்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு கிரிப்பை முழுக்க முறுக்கி, சட்டென்று விட்டேன். என்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிற கார்ப்பரேட்டருக்குள், கேபிள் இழுத்தால் ஏறி விட்டால் இறங்குகிற ஸ்லைடு என்ற அடைப்பான் இருக்கிறது. அது கீழே இறங்கி உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் வண்டியைத் தொடவே விடமாட்டார். அன்றைக்கு அது வந்தது, ஆனால் கொஞ்சம் மந்தமாக.

கிரிப்பைக் கழற்றினால் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. துடைத்துவிட்டு, ஹேண்டில் பாரில் இருந்த துருவை எமரித் தாளால் தேய்த்தேன். அப்புறம் கேபிள். ஒரு முனையில், நிப்பிள் என்கிற குமிழுக்குப் பக்கத்தில் இரண்டு இழை அறுந்து நின்றது. அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, புதுசு எடுத்து வைத்தேன். பழைய கேபிளை முழுக்கக் கழற்றிவிட்டு ஸ்லைடைக் கையால் தூக்கி விட்டுப் பார்த்தேன். வண்டி சூடாக இருந்தபோது பாதியில் நின்றது. அதே கார்ப்பரேட்டரை வண்டியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தால் ஸ்லைடு தடையில்லாமல் விழுந்தது.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. ஸ்டீல் ஸ்கேலை கார்ப்பரேட்டரின் ஃபிளாஞ்ச், அதாவது என்ஜினோடு ஒட்டி உட்கார்கிற தட்டை முகப்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். இரண்டு ஓரமும் வளைந்து ஸ்கேலைத் தொட்டுக்கொண்டு நிற்க, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. எப்போதோ காற்று இழுக்கிறது என்று யாரோ அதை என்ஜினோடு பிடிக்கிற இரண்டு நட்டையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். கார்ப்பரேட்டர் மிருதுவான உலோகம். ஃபிளாஞ்ச் வளைந்தால், இறுக்கும்போது ஸ்லைடு ஓடுகிற வட்டமும் கோணிப் போகும். சூட்டில் இருக்கிற இடைவெளியும் குறைந்துவிடும். தட்டையான கண்ணாடிமேல் எமரித் தாளை வைத்து, ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரியாமல் போகும் வரைக்கும் ஃபிளாஞ்சைத் தேய்த்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. இந்த வேலையில் அவசரப்பட்டால் ஒரு பக்கம் சரிந்துவிடும். புது பேக்கிங் வைத்து, புதுக் கேபிளை மாட்டி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். சூடான பிறகும் 'டக்' சத்தம் சுத்தமாக வந்தது.

கழற்றி வைத்திருந்த பெட்ரோல் டேங்க்கைப் பூட்டி, வாத்தியாரிடம் வண்டியைக் கொடுத்தேன். வாசலைத் தாண்டி இடப்பக்கம் ஒடித்தார். என்ஜின் தானாக இரைந்தது.

நல்ல வேளை, சாவியை அணைத்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். புதுக் கேபிள் டேங்க்குக்கு அடியில் ஃபிரேமோடு நசுங்கியிருந்தது. இடப்பக்கம் திருப்பும்போது வலது கிரிப் முன்னால் போகிறது, கேபிளில் தளர்ச்சி இல்லாததால் ஸ்லைடைத் தூக்கிவிட்டது. பழுது பார்க்க வந்த இடத்தில் அதே பழுதை நானே வைத்து அனுப்பியிருக்கிறேன். தெருவில் அந்த நேரம் ஒரு பள்ளிக்கூட ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

"மன்னிச்சுக்குங்க சார், என் தப்பு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

டேங்க்கை மறுபடி இறக்கி, கேபிளை வளைவு இல்லாமல் விட்டு, கிரிப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தளர்ச்சி வைத்தேன். ஸ்டார்ட் செய்து, ஸ்லோவில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கடைசி வரைக்கும், அப்புறம் வலது கடைசி வரைக்கும் திருப்பினேன். சத்தம் மாறவில்லை. "நீங்களும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க சார்" என்றேன். அவர் எழுந்து வந்து, இரண்டு கையாலும் மெதுவாகத் திருப்பினார்.