காம்பவுண்டு குழாய்: சைட் நாட்குறிப்பு, திருவான்மியூர்

12.3.2024
மண் பரிசோதனை அறிக்கை வந்தது. மூன்று துளை, ஒவ்வொன்றும் 15 மீட்டர். முழுக்க மணல். தண்ணீர் மட்டம் 3.2 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. அது மார்ச் மாதத் தண்ணீர். பக்கத்துத் தெருக் கிணற்றில் டிசம்பரில் கயிறு விட்டால் ஒரு மீட்டரில் நனையும். ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் அடியில் போடும் ஒரே கான்கிரீட் பலகை அஸ்திவாரம்) அடிமட்டம் 4.5 மீட்டர். 3.2-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் மேல்நோக்கித் தள்ளும் தண்ணீர் 1.3 மீட்டர்தான். டிசம்பரை வைத்தால் 3.5. டிசைனருக்கு இரண்டையும் எழுதி அனுப்பியாயிற்று.

28.4.2024
பிளானிங் பெர்மிஷன் கைக்கு வந்தது. பேஸ்மெண்ட், தரைத்தளம், மேலே நான்கு. உயரம் 18.00, உயரமான அடுக்குமாடி (ஹைரைஸ்) வகைக்குள் போகாமலிருக்க வரம்பு 18.30 மீட்டர். தளத்துக்கு 60 மி.மீ. ஏறினால் வரம்பைத் தொட்டுவிடும். ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் லெவல் மெஷின் வைத்துத்தான் சென்ட்ரிங்.

9.5.2024
பக்கத்துக் கட்டடத்தை ஒட்டி 450 மி.மீ. பைல் (தரைக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) வரிசை முடிந்தது. அந்தச் சுவரில் ஏற்கெனவே இருந்த வெடிப்புகளை எல்லாம் இரண்டு தரப்பும் நின்று போட்டோ எடுத்து, தேதி போட்டு, குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டினோம். வெடிப்பு நகர்ந்தால் கண்ணாடி உடையும். வேளச்சேரியில் 2023 டிசம்பர் மழையில் குழி சரிந்து இருவர் உள்ளே போனதற்கு இன்னும் ஆறு மாதம்கூட முடியவில்லை. குழி வெட்டுகிற எல்லோரும் அதை நினைத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும்.

27.5.2024
வெல் பாயிண்ட் (நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி மட்டத்தை இறக்கும் பைப்) இறக்கியாயிற்று. 72 பைப், 1.5 மீட்டருக்கு ஒன்று. தரையிலிருந்து இறக்கினால் பம்ப் இழுக்காது. உறிஞ்சும் ஆழம் ஐந்து, ஐந்தரை மீட்டருக்கு மேல் போனால் காற்றுதான் வரும். அதனால் முதல் 1.5 மீட்டர் மண்ணை எடுத்துவிட்டு அந்தத் தளத்தில் வைத்தோம்.

காலையும் மாலையும் வெளியேறும் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் மணல் தங்கினால் அது பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் மணல். ஒரு பைப்பில் தங்கியது. அதை மூடிவிட்டு, சுற்றிலும் ஃபில்டர் மணல் போட்டு, மறுபடி இறக்கினோம்.

தண்ணீர் தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்கக் கவனிப்புக் குழாய் இரண்டு. ஒன்று காம்பவுண்டு ஓரம், ஒன்று லிஃப்ட் குழி பக்கம் ராஃப்ட்டுக்கு அடியில். இனி தினமும்.

28.5.2024
காம்பவுண்டு 3.4. உள்ளே 5.1.

11.6.2024
இவ்வளவு தண்ணீரை இறைத்து மழைநீர் வடிகாலில் விடுகிறோம். ஒரு சொட்டையும் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. குளோரைடு லிட்டருக்கு 900 மில்லிகிராம் தாண்டுகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு வரம்பு 500. "சும்மா போற தண்ணி, க்யூரிங்குக்கு விடலாமே சார்" என்கிறார் மேஸ்திரி. விட்டால் பத்து வருஷத்தில் கம்பி துருப்பிடித்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வரும். டேங்கர்தான்.

2.7.2024
ராஃப்ட்டின் மேல் வலை 25 மி.மீ. கம்பி. மீட்டருக்கு 3.85 கிலோ. தாங்கும் நாற்காலிக் கம்பிகளை 12-ல் வளைத்து வைத்திருந்தார்கள். நாலு பேர் நடந்தபோதே அமுங்கியது. எல்லாவற்றையும் எடுத்து 16-ல், ஒரு மீட்டருக்கு ஒன்று. இரண்டு நாள் போயிற்று. கான்கிரீட் விழும்போது வலை இறங்கினால் பிறகு தெரியவே தெரியாது.

14.7.2024
ராஃப்ட் முடிந்தது. நேற்று இரவு 8 மணிக்குத் தொடங்கி இன்று காலை பத்தரை வரை. 600 சதுர மீட்டர், 750 மி.மீ., 450 கன மீட்டர், எம் 30 (28 நாளில் சதுர மி.மீ.-க்கு 30 நியூட்டன் வலு), 75 லோடு. வலு சோதிக்க 12 மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். ஏழாம் நாளுக்குத் தனி.

41-வது வண்டி பிளாண்ட்டில் லோடு ஆகி 2 மணி 40 நிமிடம் கழித்து வந்தது. டிரைவர் டிரம்மில் தண்ணீர் விடத் தயாராக நின்றார். திருப்பி அனுப்பினோம். அடுத்த வண்டிக்கு 35 நிமிடம் பம்ப் சும்மா நின்றது. அதற்குள் ஓரம் இறுகாமல் வைப்ரேட்டரைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டே இருந்தார்கள். கான்கிரீட் இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் போட்டது அந்த 35 நிமிடத்துக்குத்தான்.

வடக்குச் சுவர் தொடங்கும் இடத்தில் (ஸ்டார்ட்டர்) வாட்டர்ஸ்டாப், அதாவது மூட்டில் தண்ணீர் புகாமல் தடுக்கும் பட்டை, ஓரிடத்தில் மடங்கியிருந்ததோ என்று சந்தேகம். விளக்கடித்துப் பார்ப்பதற்குள் கான்கிரீட் ஏறிவிட்டது.

15.7.2024
வடக்குச் சுவர். அதே சந்தேகம்.

22.8.2024
தரைத்தள ஸ்லாப் போட்டாயிற்று.

அலுவலகத்தில் ஒரே கேள்வி: பம்ப்பை எப்போது நிறுத்துவது. டீசல், ஆள், வாடகை. கணக்கு இதுதான். சதுர மீட்டருக்கு ராஃப்ட் 1.88 டன். சுவரும் பேஸ்மெண்ட் பில்லரும் பரப்பினால் 0.35. தரைத்தள ஸ்லாப் பீமோடு 0.70. மேலே ஒவ்வொரு தளமும் 0.60. இன்று வரை 2.93. தண்ணீர் ஒரு மீட்டர் ஆழத்துக்கு வந்தால் அடியிலிருந்து 3.5 டன் தள்ளும். கட்டடத்தின் எடை அதைப்போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 4.2. பிளாக் வேலை, பூச்சு, டைல்ஸ் எதையும் இதில் சேர்க்கக் கூடாது. இன்னும் வராத எடை அது.

இன்று நிறுத்தினால் வடகிழக்குப் பருவமழையில் காலியான பேஸ்மெண்ட் படகு மாதிரி எழும்பும். முழுசாக எழும்பாது, ஒரு மூலை இரண்டு அங்குலம் எழும்பினாலே ராஃப்ட் வெடித்துவிடும்.

15.9.2024
முதல் தளம். 3.53.

9.10.2024
இரண்டாம் தளம். 4.13. கேட்பது 4.2. "அந்த 0.07-க்காகவா?" என்று கேட்டார்கள். ஆமாம், அதற்காகத்தான்.

15.10.2024
ஊரே கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வடிகால் நிரம்பி, நாம் இறைக்கும் தண்ணீர் கேட் வழியாகத் திரும்பி வருகிறது. டிஸ்சார்ஜ் பைப்பை 60 மீட்டர் நீட்டி அடுத்த தெரு வடிகாலில் விட்டோம். காம்பவுண்டு 0.9.

ஒரு மீட்டர் என்று வைத்த கணக்கே தப்பு. சாலை மட்டம் வரை தண்ணீர் நின்றால் 4.5 டன், 1.2 மடங்கு 5.4. மொட்டைமாடி ஸ்லாப் போட்டால்தான் 5.93 வரும்.

6.11.2024
இரண்டாம் தளத்தின் ஒரு கியூப் மாதிரி 28 நாளில் 26.2. தனி மாதிரி 27-க்குக் கீழே போகக் கூடாது. விசாரித்தால் அச்சிலிருந்து எடுத்த மூன்று கியூப்பையும் தண்ணீர்த் தொட்டியில் போடாமல் ஷெட்டுக்கு வெளியே இரண்டு நாள் வெயிலில் வைத்திருக்கிறார்கள். கான்கிரீட் சரியாக இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்று பில்லர் ஏற்ற முடியாது. கோர் (ஸ்லாப்பிலேயே துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுக்கச் சொல்லியாயிற்று: மூன்றின் சராசரி வலு 85 சதவீதம், எதுவும் 75-க்குக் கீழே இல்லாமல். மூன்றாம் தளம் தள்ளிப்போகிறது. எடையும் தள்ளிப்போகிறது.

16.11.2024
கோர் பாஸ்.

24.11.2024
மூன்றாம் தளம். 4.73. கான்கிரீட்டுக்கு வலு வர 28 நாள். எடை ஊற்றிய அன்றே வந்துவிடுகிறது.

30.11.2024
ஃபெஞ்சல் புயல். மதியம் 2.10-க்கு கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் உடனே எடுத்தது. காம்பவுண்டு 0.6. மாலை ஆறுக்கு 0.35. இரவு 9.20-க்கு ஜெனரேட்டர் நின்றது, டீசல் ஃபில்டரில் தண்ணீர். மாற்றி எடுக்க 40 நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் உள் குழாய் 4.7-லிருந்து 3.9-க்கு ஏறியது. மணலில் தண்ணீர் அப்படித்தான், யாருக்காகவும் காத்திருக்காது.

உள் குழாய் 1.0 தொட்டால் பேஸ்மெண்ட்டுக்குள் நாமே தண்ணீர் விட வேண்டும் என்று செக்யூரிட்டி வரை எல்லோருக்கும் சொல்லி, லிஃப்ட் குழி வால்வைக் காட்டிவைத்திருக்கிறது. உள்ளே ஒரு மீட்டர் நின்றால் ஒரு டன் எடை. நனைந்த பேஸ்மெண்ட்டை இறைத்துக்கொள்ளலாம்.

1.12.2024
காலை 0.4. உள்ளே 4.8. கண்ணாடித் துண்டு எதுவும் உடையவில்லை. எல்லோருக்கும் டீ.

22.12.2024
நான்காம் தளம். 5.33.

19.1.2025
மொட்டைமாடி. 5.93. உயரம் அளந்தது 18.06.

20.1.2025
24 பைப் நிறுத்தம்.

22.1.2025
இன்னும் 24.

24.1.2025
கடைசி 24. பம்ப் சத்தம் இல்லாத சைட் இப்படியா இருக்கும்! உள் குழாய் ஏறுகிறது: 3.8, 3.1, 2.7.

26.1.2025
வடக்குச் சுவர், ராஃப்ட் மூட்டில் நாலு மீட்டர் நீளத்துக்கு ஈரம். வாட்டர்ஸ்டாப் மடங்கியதோ என்று சந்தேகப்பட்ட அதே இடம். செவ்வாய்க்கிழமை பியூ (பாலியூரிதேன்) கிரவுட்டிங்: மூட்டுக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி 45 டிகிரியில் துளை, அதில் பேக்கர் (மருந்து செலுத்தும் முனை), ஒரு முனையிலிருந்து வரிசையாக ஊசி போடுவது மாதிரி. மேலே சிமெண்ட் பூசி மறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தண்ணீர் வெளிப்பக்கமிருந்து தள்ளுகிறது. உள்ளே பூசினால் பூச்சையும் சேர்த்துத் தள்ளும்.

18.3.2025
ஏசி பைப்புக்கு மூன்றாம் தள பீமில் ஸ்லீவ் (கான்கிரீட் போடும்போதே விடும் துளை) விடவில்லை. கோர் போடும் முன் ஸ்கேன் செய்து, நடுப்பகுதியில், ரிங் கம்பிகளுக்கு நடுவே மட்டும். எலக்ட்ரிக்கல் டிராயிங்கும் ஸ்ட்ரக்சர் டிராயிங்கும் ஒரே மேசையில் விரிக்கப்பட்டிருந்தால் இந்த ஓட்டையே இல்லை.

2.5.2025
டாய்லெட் சங்கன் ஸ்லாப் (பைப் ஓடத் தாழ்த்திப் போட்ட ஸ்லாப்), 72 மணி நேரம் தண்ணீர் நிறுத்தியது. 14-ல் இரண்டு கசிவு, இரண்டும் பைப் கழுத்தில்.

30.7.2025
கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பம். அது வந்தால்தான் நிரந்தர மின் இணைப்பு. ஓரத்து இடைவெளியில் ஜெனரேட்டர் ஷெட் இன்னும் நிற்கிறது. ஆய்வுக்கு முன் எடுக்க வேண்டும்.

11.9.2025
நடைபாதைக் கல் பதிக்கும்போது காம்பவுண்டு குழாயை மூடிவிடச் சொல்கிறார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். ஒரு பித்தளை மூடி போதும். நிரந்தரமாக அடைக்கக் கூடாது. பராமரிப்பு நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதியாயிற்று: மழைக்காலத்தில் தினமும்.

6.10.2025
காம்பவுண்டு 2.3. வடக்குச் சுவர் காய்ந்திருக்கிறது.

7.10.2025
2.2.