கார்பன் ஃபைபர் பாடமும் வைவாவில் நான் விழித்த கேள்வியும்

"கார்பன் ஃபைபர் இவ்வளவு இலேசு, இவ்வளவு வலு என்றால், ஓரியன் விண்கலத்தின் அழுத்தக் கூட்டை ஏன் அலுமினியம்-லித்தியம் கலவையில் செய்தார்கள்?"

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி. ஓரியன் என்பது நாசாவின் மனிதர் செல்லும் விண்கலம்; அழுத்தக் கூடு என்பது உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் அறை. என்னிடம் இருந்ததோ மனப்பாடம் செய்த அட்டவணை. கார்பன் இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளான கார்பன்-எபாக்சியின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 1.6 கிராம், அலுமினியத்துக்கு 2.7 என்று ஒப்பித்தேன். "சரி, அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றுமில்லை.

மறுதேர்வுக்குப் படிக்கும் வரிசையைத் திருப்பிப் போட்டேன். எது எப்படி உடைந்தது என்பது முதலில், நன்மைகள் கடைசியில்.

முதலில் எடுத்தது எக்ஸ்-33, நாசாவின் சோதனை விண்கலத் திட்டம். ஆளில்லாக் கலம்தான், ஆனால் பாடம் பொதுவானது. 1999 நவம்பரில் அதன் கூட்டுப்பொருள் ஹைட்ரஜன் தொட்டி சோதனையில் பிய்ந்தது. தொட்டிச் சுவர் இரண்டு தோல்களுக்கு நடுவே தேன்கூட்டு அறைகள் வைத்தது. உள்தோலில் விழுந்த நுண்விரிசல்கள் வழியே ஹைட்ரஜன் தேன்கூட்டு அறைகளுக்குள் கசிந்திருந்தது. தொட்டியைக் காலி செய்தபின் சூடேறியதும் உள்ளே அழுத்தம் கூடித் தோல் பிரிந்தது. சுவர் உடையாமலே கசியலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர்கள் உட்காரும் கலத்தில் கசிவது அவர்கள் சுவாசிக்கும் காற்று. இன்னொன்று: ஸ்பேனர் கை தவறி விழுந்தால் அலுமினியம் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். லேமினேட், அதாவது கார்பன் இழை அடுக்குகளை ஒட்டிச் செய்த தகடு, வெளியே பளபளவென்றே இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும்.

பிறகு, நாசா 2007-ல் தொடங்கிய கூட்டுப்பொருள் விண்கலக் கூடு. பறக்கவிட அல்ல, கற்றுக்கொள்ளக் கட்டியது. ஓரியன் உலோகத்திலேயே தொடர்ந்தது. இதில் நான் அதிக நேரம் செலவிட்டது தரைப்பகுதியில். தட்டையான தகட்டுக்குப் பதில் குவிந்த மடல்களாக வார்த்ததால் சுமார் 68 கிலோ மிச்சம். பொருளை மட்டும் மாற்றி வடிவத்தை விட்டுவிட்டால் கிடைப்பது 'கறுப்பு அலுமினியம்' என்று பொறியாளர்கள் கிண்டல் செய்வார்கள். நியாயமான கிண்டல்.

கணக்குப் பகுதிக்கு ஒரே யோசனை: மென்பொருளைத் தொடும் முன், நான்கு அடுக்குச் சமச்சீர் லேமினேட் ஒன்றுக்கு ஏ, பி, டி அணிகளைக் கையால் போடுங்கள் (ஏ இழுப்புக்கான விறைப்பு, டி வளைவுக்கானது, பி இரண்டையும் இணைப்பது). பி அணி சுழியம் ஆகவில்லையென்றால், அடுக்குகளின் உயரத்தை நடுத்தளத்திலிருந்து அளக்காமல் அடியிலிருந்து அளந்திருப்பீர்கள். நான் மூன்று முறை அப்படித்தான் செய்தேன்.

மறுதேர்வில் ஓரியன் வரவேயில்லை. கார்பன் சுவரில் அலுமினியத் தாங்கியை நேரடியாகப் பொருத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், நடுவே கண்ணாடி இழை அடுக்கு வேண்டும், போல்ட் டைட்டானியமாக இருக்கட்டும் என்றேன். இந்த முறை "அப்புறம்?" என்று யாரும் கேட்கவில்லை.