இனி என்ன செய்ற, தம்பி

“நாலாவது நிமிடம் பன்னிரண்டாவது செக்கனை இன்னொரு தடவை பாருங்கள், அக்கா.” தொலைபேசி தண்ணீரில் விழுந்து பழுதானதாக எழுதிய ஒரு நேயருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்தக் காணொளி இன்னும் இருக்கிறது. குரலில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை, முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்புக்கூட இருக்கிறது. மரியாதைக் குறைவாக நான் எதுவும் சொல்லவில்லை என்பதற்கு அந்த ‘அக்கா’ ஒன்றே போதும் என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்கும்போதுதான் காணொளியை நிறுத்திவிடத் தோன்றுகிறது.

தொலைபேசிகளை மதிப்பீடு செய்யும் எங்கள் காணொளி நிகழ்ச்சியில் மாதத்தின் கடைசி ஞாயிறு நேயர் பகுதி. வட்சப்பில் வந்த கருத்துகளில் ஐந்தாறைத் தெரிந்து வாசித்துப் பதில் சொல்வோம். அந்த ஓகஸ்டில் நான் வாசித்தவற்றுள் மூன்றாவது இது:

“தம்பி, உங்கட நிகழ்ச்சியப் பார்த்தித்துத்தான் இந்தப் போன எடுத்த. தண்ணிக்குப் பயமில்ல எண்டு சொன்னீங்க. இண்டைக்கு விடியப்புறம் தோணியால இறங்கக்குள்ள இவர்ர கையால ஆத்துக்குள்ள விழுந்தித்து. உடன எடுத்தும் இப்ப பத்துதில்ல. இனி என்ன செய்ற தம்பி.”

அந்தக் கையடக்கத் தொலைபேசியை நான் மதிப்பீடு செய்தது அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர். ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்து, வெளியே எடுத்துத் துடைத்து, அதிலிருந்தே படத்தொகுப்பு செய்யும் தம்பிக்கு அழைப்பெடுத்துக் காட்டினேன். “இனித் தண்ணீருக்குப் பயப்படத் தேவையில்லை” என்றேன். நாலாவது நிமிடம் பன்னிரண்டாவது செக்கனில், வாளித் தண்ணீரின் மினுக்கத்துக்கு மேலே, சிறிய வெள்ளை எழுத்தில், ‘நன்னீரில் மட்டும் சோதிக்கப்பட்டது’ என்ற வரி வந்து போகிறது. மூன்று செக்கன். அந்த வரியைப் போடச் சொன்னவன் நான்தான். ஒரு தொலைபேசி தூசையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் ஐபி 68 என்ற குறியீட்டில் 6 தூசுக்கும் 8 தண்ணீருக்கும் உரியவை. 8 என்றால் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தியாளரே குறிப்பிட்டு, ஆய்வுகூடத்தில், அசையாத நன்னீரில் சோதித்தது என்று பொருள். கடல் நீருக்கோ உவர் நீருக்கோ அந்த எண் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததனால்தான் எழுத்தில் போடச் சொன்னேன். தெரிந்தும் ஏன் வாயால் சொல்லவில்லை என்பதற்கு, சொன்னால் வசனத்தின் வேகம் குறைந்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

‘நன்னீர்’ என்று இங்கே யார் பேசுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. திணைக்களத்துக் கடிதங்களில் நன்னீர் மீன்பிடி என்று வரும். வீட்டில் அது ‘நல்ல தண்ணி’. மற்றது ‘உப்புத் தண்ணி’.

அந்த நேயர் பகுதியில் நான் இன்னொன்றும் செய்தேன். எங்களுக்குத் தமிழ்நாட்டிலும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பதால், ஆற்று நீர் நன்னீர்தானே என்று அவர்கள் கேட்டுவிடக்கூடும் என்று எண்ணி, முன்கூட்டியே விளக்கினேன். மட்டக்களப்பில் நாங்கள் ஆறு என்று சொல்வது வாவியை. அது முகத்துவாரத்தால் கடலோடு தொடுக்கப்பட்டது. மாரி மழையில் உப்பு குறையும், ஓகஸ்ட் போன்ற வறண்ட மாதங்களில் கூடும். ஆகவே அக்காவின் தொலைபேசி விழுந்தது உப்புத் தண்ணீரில்தான் என்று அழகாக எடுத்துச் சொன்னேன். விளக்கம் நன்றாகவே அமைந்தது. அந்த ஒரு நிமிடத்தைப் பலர் பாராட்டியும் எழுதினார்கள். ‘ஆறு’ என்ற ஒரு சொல்லுக்குள் எங்கள் ஊருக்கு மட்டும் இருக்கும் பொருளை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த நான், ‘தண்ணீருக்குப் பயப்படத் தேவையில்லை’ என்று சொன்ன நாளில் அந்த அறிவை எங்கே வைத்திருந்தேன்? வாதத்தில் வெல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் நான் ஊர்க்காரனாகியிருக்கிறேன்.

இவ்வளவையும் சில நாட்களில் நானாகவே உணர்ந்து, அடுத்த முறை கவனமாக இருப்போம் என்று விட்டிருப்பேன். விடமுடியாமல் செய்தது அவருடைய கடைசி வரி.

‘இனி என்ன செய்ற தம்பி.’ முடிவில் வினாக்குறி இல்லை. எங்கள் பக்கத்தில் இந்த வசனத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். இழவு வீட்டுத் திண்ணையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் சொன்னால் அது பெருமூச்சு. பதில் தேவையில்லை, தலையை ஆட்டினால் போதும். அதே வசனத்தை மருந்துக்கடையில் நின்று சொன்னால் அது கேள்வி. பதில் வரும்வரை ஆள் நகரமாட்டார். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். வாய்விட்டு வாசிப்பவன் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். நான் குரலைத் தாழ்த்தி, ‘செய்ற’வைச் சற்று இழுத்து வாசித்தேன். கமெராவுக்குப் பின்னால் நின்ற தம்பி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நாங்கள் வெட்டவும் இல்லை. பெருமூச்சாக வாசித்ததனால் அது முறைப்பாடாகியது. முறைப்பாடு என்றால் ஆதாரம் காட்டிப் பதில் சொல்லலாம். நாலாவது நிமிடம், பன்னிரண்டாவது செக்கன்.

அது கேள்வியாக இருந்திருந்தால் என்னிடம் வேறு பதில் இருந்தது. உப்புத் தண்ணீரில் விழுந்த தொலைபேசியை உடனே அணைக்க வேண்டும். சார்ஜ் போடும் துளையை நல்ல தண்ணீரால் மெதுவாக அலசி, உப்பைப் போக்கி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்துக் காயவிட வேண்டும். முழுதாகக் காயும்வரை சார்ஜில் போடவே கூடாது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதால் பயன் இல்லை. முடிந்தால் அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுத்துத் திறந்து துப்பரவு செய்விக்க வேண்டும். இதைத் தட்டெழுத எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

அந்த இரண்டு நிமிடம் என்னிடம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேயர் பகுதியைச் சனிக்கிழமை பதிவு செய்தோம். அக்காவின் செய்தி வந்தது அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணிக்கு. ஏழு மணிக்கு முன்னர் நான் அதைத் திறந்து வாசித்தேன். வாசித்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டேன். நேயர் பகுதிக்கு நன்றாகப் போகும் என்று தோன்றுகிற செய்திகளுக்கு அப்படிக் குறிபோட்டு வைப்பது எங்கள் வழக்கம். தனிப்பட்ட முறையில் பதில் எழுதிவிட்டால் நிகழ்ச்சியில் வாசிக்கும்போது சுவை குறைந்துவிடும் என்பதால், குறிபோட்டவற்றுக்குப் பதில் எழுதாமல் விடுவதும் வழக்கம். ஒவ்வொரு காணொளியின் முடிவிலும் “உங்கள் கருத்துகளை எங்களுக்கு அனுப்புங்கள்” என்று பூசை மந்திரம்போலச் சொல்கிறோம். அனுப்பியவருக்கு நீல நிறத்தில் இரண்டு சரி அடையாளங்கள் தெரிந்திருக்கும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி.

இதுவரை நான் எழுதாமல் வைத்திருந்த ஒரு விடயம் உண்டு. மேலே தந்திருக்கும் செய்தி முழுமையானதல்ல. நிகழ்ச்சியில் வாசித்த அளவு மட்டுமே. நீளத்துக்காக இரண்டு வசனங்களை விட்டுவிட்டேன். ‘இப்ப பத்துதில்ல’ என்பதற்கும் ‘இனி என்ன செய்ற’ என்பதற்கும் நடுவில் அவை இருந்தன: “இதுக்கு முதல் இருந்த போன சொப்பின் பேக்ல சுத்தித்தான் கொண்டு போறவர். இரவைக்குச் சார்ஜில போட்டுப் பாப்பம் எண்டு நிக்கார்.”

இரவைக்கு. நான் வாசித்தது ஏழு மணிக்கு முன்னர்.

உப்பு ஈரம் தங்கிய துளையில் மின்சாரம் பாய்ந்தால் உலோக முனைகள் மிக விரைவாக அரிக்கப்படும். இது ஒன்றும் இரகசியமான அறிவல்ல. 2022 ஜூனில் அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றம் சம்சுங்கின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 1 கோடி 40 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது இதே விடயத்தை ஒட்டித்தான். நீச்சல் தடாகத்திலும் கடலிலும் பாவிக்கலாம் என்று தோன்றும்படி விளம்பரம் செய்த சில கலக்ஸி தொலைபேசிகள், அவ்வாறு நனைந்து ஈரம் காயுமுன்னர் சார்ஜில் போடப்பட்டால் துளை அரித்துப் பழுதாகக்கூடும் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னர், 2020 நவம்பரில், தண்ணீர் தாங்கும் திறனைப் பற்றிய விளம்பரங்களுக்காகவும் தண்ணீரால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் வழங்காததற்காகவும் இத்தாலியின் போட்டி ஆணையகம் அப்பிளுக்கு 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. அக்காவின் தொலைபேசி வேறு நிறுவனத்துடையது; அதன் பெயர் இங்கே தேவையில்லை. இந்த இரண்டு செய்திகளையும் எங்கள் நிகழ்ச்சியிலேயே நான் சொல்லியிருக்கிறேன், பெரிய நிறுவனங்களைத் திட்டிய உற்சாகத்தோடு.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் வாங்கியது பாவித்த தொலைபேசி என்று பிறகு தெரிந்தது. 2024 ஜனவரியிலிருந்து கைத்தொலைபேசிகளுக்கும் 18 சதவீதப் பெறுமதிசேர் வரி வந்தபிறகு, புதியதை நினைத்துப் பார்க்க முடியாத பலர் பாவித்ததைத்தான் வாங்குகிறார்கள். ஒருமுறை கழன்று விழுந்த, அல்லது திருத்துவதற்காகத் திறந்து மூடிய தொலைபேசியில் உள்ளே ஒட்டியிருக்கும் தடுப்பு பழையபடி இராது. விழுந்த மாத்திரத்தில் அது அணைந்துவிட்டது என்றால், நல்ல தண்ணீரில் விழுந்திருந்தாலும் அணைந்திருக்கலாம். நான் அன்றிரவே பதில் எழுதியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா? உள்ளே உப்பு போய்ப் பன்னிரண்டு மணித்தியாலம் கடந்திருந்தது. அநேகமாக முடிந்திராது. இந்த ‘அநேகமாக’வை வைத்துக்கொண்டு பல இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஆனால் பதில் பயன்பட்டிருக்குமா என்பது நான் செவ்வாய்க்கிழமை யோசித்த விடயமல்ல. அன்றைக்கு நான் யோசித்தது சனிக்கிழமையைப் பற்றி.

நிகழ்ச்சி வெளியான மறுநாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: “பார்த்தன் தம்பி. நீங்க சொன்னது சரிதான்.” செய்திகளைக் கவனிக்கும் எங்கள் சக ஊழியர், ஏறாவூரைச் சேர்ந்தவர், அண்ணனை ‘நானா’ என்பவர், அதை எனக்குக் காட்டி, “அந்த எழுத்து எனக்கே தெரியல்ல, நானா. நான் அத நாலு தரம் பார்த்தவள்” என்றார். படத்தொகுப்புத் தம்பி, “அவவே சரி எண்டு சொல்லிட்டாதானே, அண்ணன்” என்றான். இருவரும் ஒரே வரியைத்தான் வாசித்தார்கள். இதற்கும் நான் ஒரு குரலைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது, இன்றுவரை செய்யவில்லை. பதிலும் எழுதவில்லை. முதலில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எழுதுவது என் மனப்பாரத்தை அவர் மீது இறக்குவதாகிவிடும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வெட்கம் என்று பிரித்தறிய என்னால் இயலவில்லை.

உப்புத் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று மூன்று நிமிடக் காணொளி ஒன்று செய்தோம். வழமையாக வரும் பார்வைகளில் காற்பங்குகூட அதற்கு வரவில்லை. பழுதைத் தேடி எவரும் வருவதில்லை, பழுதான பிறகுதான் வருகிறார்கள். குறிபோட்டு வைக்கும் வழக்கத்தை நிறுத்தினோம் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை, அவசரமாகத் தோன்றுவதற்கு அன்றைக்கே பதில், மற்றவற்றுக்குக் குறி என்று மாற்றியிருக்கிறோம். எது அவசரம் என்பதை இன்னும் நான்தான் வாசித்துத் தீர்மானிக்கிறேன்.

அந்த மதிப்பீட்டின் முதற் காட்சியைப் பற்றி வேறு எவரும் கேட்கவில்லை, ஆகையால் நானே சொல்கிறேன். கல்லடிப் பாலத்தடியில், பொழுதுபடும் நேரத்தில், தொலைபேசியைக் கையில் உயர்த்திப் பிடித்து எடுத்தது. பின்னால் முழுவதும் வாவி. அங்கே வெளிச்சம் நன்றாக விழும் என்பதற்காக எடுத்தோம். அவுஸ்திரேலிய வழக்கைப் பற்றிச் சொன்ன நாளிலும் அங்கேதான் நின்று பேசினேன். போன மாதம் எடுத்ததும் அங்கேதான்.

சென்ற கிழமை உறவினர் ஒருவரின் அலுவலாக மண்டூருக்குப் போக வேண்டியிருந்தது. குருமண்வெளித் துறையில், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் படகான ‘பாதை’ மறுகரையிலிருந்து வரும்வரை காத்திருந்தோம். பாதையில் ஏறி நடு ஆற்றுக்கு வந்தபோது, பக்கத்தில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவரின் இடுப்பிலிருந்து மணியடித்தது. மடியிலிருந்து சொப்பின் பையை எடுத்தார். இறப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு சுற்றுப் பிரித்து, தொலைபேசியை வெளியே எடுத்துப் பேசினார். பேசி முடிந்ததும் சாறத்தின் தலைப்பால் துடைத்து, மறுபடி சுற்றி, வளையத்தைப் போட்டு மடியில் செருகினார். நான் பார்ப்பதைக் கண்டு, “உப்புக் காத்து, மகன்” என்றார். என் கையில் நன்றாகப் பெயர்பெற்ற ஒரு தொலைபேசி இருந்தது. அதை மேற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, பாதை கரை தட்டும்வரை வெளியே எடுக்கவில்லை.