வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் லாரி ஆபீஸ் பெயர்

மைக்ரோசாஃப்டின் வணிக மென்பொருளான பிசினஸ் சென்ட்ரலில் சேல்ஸ் ஆர்டர் பக்கத்தில் வண்டி எண், டிரான்ஸ்போர்ட்டர் என்று இரண்டு கட்டங்கள் கூடுதலாக வேண்டும், போஸ்ட் செய்த (கணக்கில் இறுதியாகப் பதிந்த) இன்வாய்ஸிலும் அவை தெரிய வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். அரை நாள் வேலை என்று ஒத்துக்கொண்டேன்.

பக்கம், டேபிள், ஃபீல்டு (கட்டம்) என ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் ஐடி எண் விஷயத்தில் நான் உஷார் என்றுதான் நினைப்பு. வாடிக்கையாளருக்கென்று தனியாக எழுதும் எக்ஸ்டென்ஷனுக்கு (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் ஆப்) 50000 முதல் 99999 வரை இடம் உண்டு. புதிய ப்ராஜெக்ட் திறந்தால் அதன் அமைப்புகள் இருக்கும் ஆப்.ஜேசன் கோப்பில் 50100 முதல் 50149 வரை என்று தானாகவே வந்து நிற்கும். பலரும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே இன்னொருவர் எழுதிய ஆப் இருந்தால் மோதல்தான். அதனால் முதல் வேலையாக 50200க்கு மாற்றிவிட்டேன். அந்தப் பெருமையிலேயே மற்றதைக் கோட்டை விட்டேன்.

பக்கத்துக்கோ டேபிளுக்கோ ஒரே எண்ணை இரண்டு முறை கொடுத்தால் கம்பைலரே கத்தும். ஒரே ஃபீல்டுக்கு இரண்டு டேபிள்களில் வெவ்வேறு எண் கொடுத்தால் அப்படியில்லை, சத்தமே போடாது. ஆர்டரைப் போஸ்ட் செய்யும்போது ஆர்டருக்கான டேபிள் 36இல் இருப்பதை டிரான்ஸ்ஃபர் ஃபீல்ட்ஸ் என்ற கட்டளைதான் போஸ்ட் ஆன இன்வாய்ஸுக்கான டேபிள் 112க்குக் கொண்டுபோகிறது. அது பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணை மட்டும்தான் பார்க்கும்.

நான் 36இல் வண்டி எண்ணுக்கு 50200, டிரான்ஸ்போர்ட்டருக்கு 50201 கொடுத்தேன். இன்வாய்ஸ் பக்கத்தைச் செய்த சக ஊழியர், டிரான்ஸ்போர்ட்டரை முதலில் எழுதி அதற்கு 50200 கொடுத்துவிட்டார். இரண்டும் 20 எழுத்து வரை ஏற்கும் 'கோட்' என்ற தரவு வகை. வகை வேறாக இருந்திருந்தால் போஸ்டிங்கிலேயே பிழை வந்து மாட்டியிருப்போம். சரி, டெஸ்ட் செய்தோமா? செய்தோம். இரண்டு கட்டத்திலும் "டெஸ்ட்" என்று அடித்து, இன்வாய்ஸில் இரண்டும் வந்துவிட்டது என்று கையெழுத்தும் வாங்கிவிட்டோம்.

மூன்றாவது வாரம் டெஸ்பாட்சிலிருந்து போன். "சார், வண்டி நம்பர்ல லாரி ஆபீஸ் பேர் வருது."

எண்ணை மாற்றிப் போட்டால் முடிந்தது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் ஒருமுறை பப்ளிஷ் ஆன ஃபீல்டின் எண்ணையோ பெயரையோ மாற்றினால், மாற்றங்களை டேட்டாபேஸில் கொண்டுசேர்க்கும் சிங்க் அதை ஏற்காது. ஃபோர்ஸ் சிங்க் போட்டால் அதில் உள்ள தரவு போய்விடலாம். திரையில் தெரியும் தலைப்பை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடலாமா என்று ஒரு நப்பாசை. பழைய இன்வாய்ஸ்கள்கூடச் சரியாகத் தெரியும். ஆனால் டிரான்ஸ்போர்ட்டர் என்ற பெயருக்குள் வண்டி எண் உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட் எழுத வருபவன் என்னைத்தான் திட்டுவான்.

கடைசியில் இரண்டு டேபிளிலும் புதிதாக 50210, 50211 சேர்த்தோம். ஒரே டேபிளில் ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்பதால் பெயருக்குப் பின்னால் 2 போட வேண்டியதாயிற்று. அசிங்கம்தான், ஆனால் முகவரிக்கே "அட்ரஸ் 2" வைத்திருக்கும் மென்பொருளில் அது பெரிதாகத் துருத்தவில்லை. பழைய ஃபீல்டுகளை அப்ஸலீட் (இனிப் பயன்படுத்தாதவை) ஆக்கி, ஆப்பின் வெர்ஷன் ஏறும்போது ஓடும் அப்கிரேட் கோட்யூனிட்டில் தரவை இடம் மாற்றினேன். 112இல் மட்டும் பழைய டிரான்ஸ்போர்ட்டரில் இருப்பது புதிய வண்டி எண்ணுக்குப் போக வேண்டும். அந்த வரிக்கு மேலே நீளமாக ஒரு கமென்ட் எழுதி வைத்தேன், பின்னால் வருபவர் பிழை என்று நினைத்துத் திருத்திவிடக்கூடாதே. போஸ்ட் ஆன இன்வாய்ஸில் கை வைக்க கோட்யூனிட்டில் தனியாக அனுமதி எழுதியாக வேண்டும், அது தெரியாமல் ஒரு மாலை போனது. ஆப் வெர்ஷனை ஏற்ற மறந்ததில் இன்னொரு மாலை.

இப்போது எங்கள் எக்ஸெல் ஷீட்டில் ஒரு ஃபீல்டுக்கு ஒரு வரி. 36, ஷிப்மென்ட்டுக்கான 110, 112, கிரெடிட் மெமோவுக்கான 114, ஆர்க்கைவுக்கான 5107 என எங்கே போனாலும் அதற்கு அதே எண். டெஸ்ட் செய்யும்போது கட்டத்துக்குள் அந்த ஃபீல்டின் எண்ணையே அடிக்கிறேன்: 50210இல் 50210, 50211இல் 50211.